காந்தம் ஒட்டினால் எல்லாம் ஒன்றுதானே? அயக்காந்தம், பெரிகாந்தம் என்று ஏன் பிரிக்கிறார்கள்?

ஒன்றல்ல. நீங்கள் கொழும்பில் ஏதோ ஒரு பெரிய தனியார் வகுப்பு மண்டபத்தில் உயர்தரப் பௌதிகவியல் படிப்பவராகத்தான் இருக்க வேண்டும். "அணுக்கள் குட்டிக் காந்தங்கள், ஒன்றின் வடமுனை அடுத்ததன் தென்முனையை இழுப்பதால் வரிசையாக நிற்கின்றன" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்களே, அது அங்கே கொடுக்கும் குறிப்பின் வாசகம். அந்த வரியோடு எனக்குப் பல வருடப் பகை.

வெள்ளவத்தையில் வீட்டு முன்னறையில் சிறிய வகுப்பொன்று நடத்துகிறேன். முல்லைத்தீவிலிருந்து வந்து தங்கிப் படித்த மாணவி ஒருத்தி, ஒருநாள் இரண்டு சட்டக்காந்தங்களை மேசையில் பக்கம் பக்கமாக வைத்தாள். ஒன்று சட்டென்று தலைமாறித் திரும்பி மற்றதோடு ஒட்டிக்கொண்டது. "சேர், பக்கத்தில் இருக்கும் காந்தம் எதிர்ப்பக்கம்தானே திரும்புகிறது? இரும்புக்குள் மட்டும் எல்லாம் எப்படி ஒரே பக்கம் பார்க்கின்றன?" என்று கேட்டாள். இதே கேள்விக்குப் பெரிய வகுப்பில் அவளுக்குக் கிடைத்த பதில், "பேப்பருக்கு வராது, உட்காரு."

எவ்வளவு அருமையான கேள்வி! அன்றைய பாடத்தை அப்படியே விட்டுவிட்டு அவளுக்குப் பதில் சொன்னேன்.

அணுக்கள் காந்தங்களாக ஒன்றையொன்று இழுக்கும் வலிமை மிக அற்பம். தனிப்பூச்சியத்துக்கு மேல் ஒரு கெல்வின் அளவு வெப்பமே அந்த ஒழுங்கைக் குலைத்துவிடும். இரும்போ 770 பாகை செல்சியஸ் வரை தாங்குகிறது. அதற்குப் பொருளுக்குள்ளேயே மிகப் பெரியதொரு காந்தப்புலம் வேண்டும் என்று 1907இல் பௌதிகவியலாளர் வைஸ் சொன்னார். அது எங்கிருந்து வருகிறது என்பதை 1928இல் ஹைசன்பேர்க் காட்டினார். காரணம் முனைகளின் இழுப்பு அல்ல, இலத்திரன்களின் மின் தள்ளுகை. ஒரே சுழற்சி (இலத்திரனைக் குட்டிக் காந்தமாக்கும் அதன் உட்பண்பு) உள்ள இரண்டு இலத்திரன்களைப் பௌலியின் விதி நெருங்க விடாது. ஆகவே சுழற்சிகள் எப்படி நிற்கின்றன என்பதைப் பொறுத்துத் தள்ளுகையின் சக்தி மாறுகிறது. பரிமாற்ற இடைத்தாக்கம் என்பது இதுதான். ஒரே திசையில் நிற்பது இலாபமானால், அதாவது அப்போது சக்தி குறைவானால், அயக்காந்தம். எதிர்த்திசை இலாபமானால் எதிர் அயக்காந்தம்: மங்கனீசு ஒட்சைட்டில் இரு மங்கனீசு அயன்களை நடுவிலுள்ள ஒட்சிசன் இணைக்கிறது, அவை எதிரெதிராக நிற்கின்றன, மொத்தம் பூச்சியம். 1949இல் ஷல்லும் ஸ்மார்ட்டும் நியூத்திரன்களைச் செலுத்தி அதைக் கண்டார்கள்.

உலோக இரும்பில் இலத்திரன்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை, பட்டைக் கொள்கை வேண்டும் என்று பல்கலைக்கழகத்தார் யாராவது கீழே எழுதக்கூடும். தெரியும் ஐயா. உயர்தர மாணவருக்கு முதல் படி இது. குட்டிக் காந்தக் கதையைப் போல இதைப் பின்னர் அழித்து எழுத வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து வரும் இந்தப் பிள்ளைகளிடம் ஒரு கட்டிலுக்கு மாத வாடகையும் முற்பணமும் வாங்கிக்கொண்டு, இரவு பத்து மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்லும் வீட்டுக்காரர்கள் இங்கே இருக்கிறார்கள். பரீட்சை மாதத்தில்கூட! அவள் கைப்பேசி வெளிச்சத்தில் படித்தாள். கேட்க நாதியில்லை.

சரி, பெரிகாந்தம். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய கரிய வளையக் காந்தத்தை அவள் கையில் கொடுத்தேன். அது பெரைற்று, இரும்பு ஒட்சைட்டு அடங்கிய ஒரு காந்தப் பொருள். அதன் சூத்திரத்தில் உள்ள 12 இரும்பு அயன்களில் 8 ஒரு பக்கமும் 4 மறுபக்கமும் பார்க்கின்றன. "அப்படியென்றால் நான்குதான் மிச்சம்" என்று அவளே கழித்துச் சொன்னாள். எதிரெதிராக நின்றும் சமன்படாமல் மிஞ்சுவதுதான் பெரிகாந்தம். 1948இல் இதை விளக்கிய நேயலுக்கு 1970இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து இவ்விரண்டையும் பிரிக்க முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும். மக்னற்றைற்று என்ற இரும்புத் தாதுவை எடுங்கள்: ஒரு சூத்திர அலகில் 5, 5, 4 போர் மக்னற்றன் (அணுவின் காந்தத் திறனை அளக்கும் அலகு) கொண்ட மூன்று இரும்பு அயன்கள். எல்லாம் ஒரே திசையில் நின்றால் 14 வர வேண்டும். அளந்தால் வருவது ஏறத்தாழ 4. இரண்டு ஐந்துகளும் ஒன்றையொன்று அழித்துவிட்டன.