ஊர்க் கதையை பிள்ளைங்க சொல்லட்டும்: வாசகர் கேள்வி பதில்

ரெண்டு மாசம் முன்னாடி இந்தப் பக்கத்துல, பள்ளிக்கூடப் பிள்ளைங்க அவங்கவங்க ஊர் வரலாற வச்சு ஒரு நிகழ்ச்சி செஞ்சா எவ்ளோ நல்லா இருக்கும்னு நாலு வரி எழுதினேன். அதுக்கு வந்த கடிதங்கள்ல இருந்து ஆறு பேருக்கு இந்த வாரம் பதில்.

கேள்வி: சார், நான் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். ஆண்டு விழாவுக்கு எங்க ஊர் வரலாறு பத்தி இருபது நிமிஷ நிகழ்ச்சி செய்யச் சொல்லி தமிழ் டீச்சர் எங்க அஞ்சு பேர்கிட்ட சொல்லிட்டாங்க. எங்க ஊர்ல கோட்டை இல்ல, பெரிய கோயில் இல்ல, ஒண்ணுமே இல்ல சார். ஏரிக்கரையில வேடியப்பன்னு ஒரு கல்லு மட்டும் இருக்கு, அதுக்கு வருஷத்துக்கு ஒருதடவ பொங்கல் வைப்பாங்க. என்ன செய்றது?
*(ஒரு மாணவர், செங்கம் பக்கம்)*

பதில்: தம்பி, ஒண்ணுமே இல்லைன்னு எழுதிட்டு அடுத்த வரியிலயே புதையல எடுத்து வச்சிருக்கீங்க! செங்கம், தர்மபுரி பக்கமெல்லாம் வேடியப்பன்னு கும்பிடுற கல்லுல நெறைய கல்லு நடுகல்தான், அதாவது சண்டையில செத்த வீரனுக்கு நட்டு வச்ச கல்லு. பாக்காம உறுதியா சொல்லக்கூடாது, அதனால நாளைக்கு காலையில போய் பாருங்க. கல்லுல ஒரு ஆள் வில்லோ வாளோ பிடிச்சு நிக்கிறானா, உடம்புல அம்பு தச்சிருக்கா, பக்கத்துல மாடு இருக்கா, காலடியில சிமிழ் கெண்டி மாதிரி சின்னதா ஏதாவது செதுக்கி இருக்கா, தலைக்கு மேல வரிவரியா எழுத்து தெரியுதான்னு பாருங்க. எழுத்து இருந்து அது நமக்கு தெரிஞ்ச தமிழ் மாதிரி இல்லாம வளைஞ்சு வளைஞ்சு இருந்தா வட்டெழுத்தா இருக்கலாம்.

உங்க பக்கத்து நடுகற்கள தமிழ்நாடு தொல்லியல் துறை தேடித் தேடி படிச்சு 1970கள் தொடக்கத்துலயே தனி நூலா போட்டிருக்கு, உங்க ஊர் பேர் அதுல இருக்கான்னு முதல்ல பாத்துடுங்க. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது எடுத்தனூர் கல்லு. மகேந்திரவர்ம பல்லவன் காலம், அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமைய கவர வந்தவங்களோட சண்டை போட்டு செத்துப்போன கருந்தேவகத்திங்கிற வீரனுக்கு வச்ச கல்லு அது, ஆனா அந்தக் கல்லுல அவன் கூடவே ஒரு நாயும் நிக்குது. அதோட பேர் கோவிவன். அந்த நாய் ரெண்டு கள்ளனைக் கடிச்சு காத்து நின்னுச்சுன்னு பேரோட எழுதி வச்சிருக்காங்க தம்பி! ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, ராஜா பேரே மறந்துபோன ஊர்ல ஒரு நாயோட பேர் கல்லுல நிக்குது. இத உங்க ஸ்கூல் மேடையில சொல்லிப் பாருங்க, ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க கூட சத்தம் போடாம கேப்பாங்க.

இருபது நிமிஷத்த எப்படி பிரிக்கிறதுன்னு யோசிக்கவே வேண்டாம், தொல்காப்பியமே பிரிச்சுக் குடுத்திருக்கு. நடுகல் நடுறதுக்கு ஆறு நிலை சொல்லுது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. ஏத்த கல்ல தேடிக் கண்டுபிடிக்கிறது, அதுக்கு நாள் பாத்து தொடங்குறது, தண்ணியில நீராட்டுறது, நடுறது, படையல் போடுறது, வாழ்த்திப் பாடுறது. ஆறு காட்சி, ஒவ்வொண்ணும் மூணு நிமிஷம், மிச்ச ரெண்டு நிமிஷத்துல உங்க ஊர் பூசாரி பேசுறத மொபைல்ல எடுத்து ஸ்கிரீன்ல போடுங்க. டீச்சர் நடத்துன பாடமும் உங்க ஏரிக்கரையும் ஒண்ணா வந்து நிக்கும்.

ஒண்ணே ஒண்ணு. கல்ல தொடுறதுக்கு முன்னாடி பூசாரிகிட்டயும் ஊர்ப் பெரியவங்ககிட்டயும் கேட்டுடுங்க. எண்ணெய்ப் பிசுக்கு எழுத்த மறைக்குதுன்னு கம்பி பிரஷ் வச்சு தேய்க்காதீங்க. அது இப்பவும் அவங்க சாமி.

கேள்வி: எங்க ஸ்கூல் பசங்க கோயில் சுவர் கல்வெட்ட வீடியோ எடுக்கிறாங்க. எழுத்து தெரியலைன்னு சாக்பீஸ் தேய்ச்சு எடுத்தாங்க, சிலர் மைதா மாவு பூசுனா இன்னும் நல்லா தெரியும்னு சொல்றாங்க. பூசலாமா?
*(ஓர் ஆசிரியை, மேலூர்)*

பதில்: வேண்டாம்மா, ரெண்டுமே வேண்டாம். சாக்பீஸ் தூள் எழுத்துப் பள்ளத்துல போய் அடைஞ்சுக்கும், மாவுக்கு பூச்சியும் பூஞ்சையும் வரும். ஏற்கெனவே எத்தனையோ கோயில்ல மணல் வீச்சு போட்டு கல்ல சுத்தம் பண்றோம்னு எழுத்தையே வழிச்சு எடுத்துட்டாங்க, எனாமல் பெயிண்ட்ல உபயதாரர் பேர எழுதி ராஜராஜன் காலத்து வரிய மூடி வச்ச சுவரையும் நான் என் கண்ணால பாத்திருக்கேன், அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. பிள்ளைங்க கையாலயும் அந்தக் கேடு நடக்க வேண்டாம்.

வெளிச்சம் போதும். காலையில வெயில் சாய்வா விழுற நேரம், இல்ல சாயங்காலம் இருட்டினதும் டார்ச்ச சுவரோட ஒட்டி பக்கவாட்டுல பிடிங்க. நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது, பக்கத்துல இருந்து அடிச்சா பள்ளமெல்லாம் நிழலாகி எழுத்து எழுந்து நிக்கும். ஒரு பையன் டார்ச், ஒரு பொண்ணு மொபைல், மூணாவது ஆள் நோட்டு. இதையே வீடியோவுல காட்டுங்க, அதுவே ஒரு நல்ல காட்சி.

படிக்கும்போது பிள்ளைங்க தடுமாறுற இடம் எதுன்னா, பழைய கல்வெட்டுல பெரும்பாலும் மெய்யெழுத்துக்கு புள்ளி இருக்காது, எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே மாதிரி இருக்கும், நடுவுல கிரந்த எழுத்தும் வரும். 'ஸ்வஸ்திஸ்ரீ'ன்னு தொடங்குதான்னு பாத்து அங்கிருந்து பிடிச்சுக்கிட்டு போகலாம். அதோட, அந்தக் கல்வெட்ட ஏற்கெனவே யாராவது படிச்சு அச்சுல போட்டிருக்காங்களான்னு தேடுங்க. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி 1890ல இருந்தே வருது, தொல்லியல் துறை நூல்கள் நெறைய தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல இலவசமாவே கிடைக்குது. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி பள்ளியில தொன்மைப் பாதுகாப்பு மன்றம் வச்சு மாணவர்களே பழைய எழுத்து படிக்கக் கத்துக்கிட்டாங்க. மேலூர்ப் பிள்ளைங்களாலயும் முடியும். உங்க பக்கத்து மாங்குளத்துலயே பாண்டியன் நெடுஞ்செழியன் பேர் சொல்ற தமிழி கல்வெட்டு, அதாவது ரொம்பப் பழைய தமிழ் எழுத்துல வெட்டுனது, குகையில இருக்கு, அத பாத்துட்டு வந்த பிள்ளைக்கு அப்புறம் ஆர்வம் எங்க போகும்?

கேள்வி: கிணறு வெட்டும்போது கிடைச்ச பானை ஓடும் சில காசும் பக்கத்து வீட்ல இருக்கு. எங்க கண்காட்சியில வைக்கலாமா? இன்னும் கொஞ்சம் தோண்டவும் ஆசையா இருக்கு.
*(எட்டாம் வகுப்பு மாணவி, ஆண்டிபட்டி)*

பதில்: தோண்டவே தோண்டாதீங்க கண்ணு. எந்த ஆழத்துல, எதோட பக்கத்துல கிடைச்சுதுங்கிறதுலதான் பாதி வரலாறு இருக்கு, மண்வெட்டி போட்டா அது போச்சு. பழைய காசு மாதிரி மண்ணுக்குள்ள கிடைக்கிறத அரசுக்கு சொல்லணும்னு 1878லயே புதையல் சட்டம் போட்டிருக்காங்க. அதனால பெரியவங்களோட போய் விஏஓகிட்டயோ தாசில்தார்கிட்டயோ சொல்லுங்க. கண்காட்சிக்கு போட்டோவும் நீங்க கையால வரைஞ்ச படமும் போதும், கிடைச்ச இடத்த மேப்புல குறிச்சு வைங்க.

கேள்வி: பொண்ணு பத்தாவது. பரீட்சை நேரத்துல ஊர் ஊரா போய் கிழவிங்ககிட்ட கதை கேட்டுட்டு வரா. இதால மார்க் வருமா, வேலை வருமா?
*(ஒரு தகப்பனார், சிவகங்கை)*

பதில்: உங்க கவலை நியாயமானதுதான் அண்ணே, பரீட்சைக்கு முந்தின ரெண்டு மாசம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்க, அதுல தப்பில்ல. ஆனா வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க.

உங்க மாவட்டத்துக் கதையே சொல்றேன். 1970கள்ல கீழடி பள்ளிக்கூடத்துல வரலாற்று வாத்தியாரா இருந்தவர் பாலசுப்பிரமணியம். கிணறு தோண்டுன இடத்துல கிடைச்ச பழம்பொருள பத்தி மாணவர்கள் வழியா தெரிஞ்சதும் அவர் சும்மா விடாம தொல்லியல் துறைக்கு தகவல் சொன்னாரு. அப்புறம் நாப்பது வருஷம் கழிச்சு, 2015ல அங்க அகழாய்வு தொடங்குச்சு, 2023ல அருங்காட்சியகமே திறந்தாச்சு. முதல்ல கண்டது ஊர்ப் பிள்ளைங்கதான் அண்ணே. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில 2006ல தமிழி எழுத்து இருக்கிற நடுகற்கள் கிடைச்சதும் தமிழ்ப் பல்கலைக்கழகத்துல ஆய்வு படிச்ச மாணவர்கள் ஊர் ஊரா அலைஞ்சதாலதான்.

கேள்வி: நாங்க காலேஜ் ஸ்டூடன்ட்ஸ், எங்க ஊர் வரலாற வில்லுப்பாட்டா செய்றோம். பாட்டிங்க சொல்றது ஒண்ணு, புத்தகம் சொல்றது ஒண்ணு. கோயில்ல இருந்து அரண்மனைக்கு சுரங்கப்பாதை இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, புரொபசர் அதெல்லாம் தூக்குன்னு சொல்றாரு. தூக்கணுமா?
*(ஒரு மாணவர் குழு, நாகர்கோவில்)*

பதில்: தூக்க வேண்டாம், ஆனா வரலாறுன்னு சொல்லவும் வேண்டாம். சுரங்கப்பாதை கதை இல்லாத ஊர நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல! எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கோயில், ஒரு அரண்மனை, நடுவுல ராணி தப்பிச்சுப் போன ஒரு வழி. மதுரை பக்கத்து மலைகள்ல சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைய ஜனங்க பஞ்சபாண்டவர் படுக்கைன்னு சொல்றாங்க, பாண்டவர் வந்தாங்கன்னு அதுக்கு அர்த்தம் இல்ல, ஆனா வெட்டுனவங்க யாருன்னு மறந்துபோன பிறகும் அந்த இடம் சாதாரண இடம் இல்லைங்கிறது மட்டும் ஜனங்க மனசுல நின்னிருக்கு. அதுவும் ஒரு செய்திதானே.

உங்க கையில இருக்கிற வடிவமே இதுக்கு வழி வச்சிருக்கு. வில்லுப்பாட்டுல புலவர் கதை சொல்ல சொல்ல பக்கத்துல ஒருத்தர் 'ஆமா'ன்னு சொல்லிட்டே இருப்பாருல்ல, அவர கேள்வி கேக்க வைங்க. புலவர் "அங்கே ஒரு சுரங்கம் இருந்துச்சாம்"னு பாடினதும் அவர் "ஆமா, யாரு பாத்தா?"ன்னு கேக்கட்டும். "பாட்டி சொன்னா", "பாட்டிக்கு யாரு சொன்னா?", "அவ அம்மா சொன்னா", "எழுத்துல இருக்கா?", "இதுவரை கிடைக்கல". உடுக்கையும் குடமும் சேர்ந்து ஒலிக்க இத மேடையில கேட்டா, பாட்டிக்கும் மரியாதை குறையாது, புரொபசரும் ஒத்துக்குவாரு.

வருஷக் கணக்குல கவனமா இருங்க. உங்க பக்கத்துப் பழைய பத்திரத்துல கொல்லம் ஆண்டு இருக்கும், அதோட 825 கூட்டணும், சில மாசங்களுக்கு 824. திருவிதாங்கூர் ஜனங்க தொண்ணூத்தொம்பது வெள்ளம்னு சொன்னது கொல்லம் 1099, அதாவது 1924. இங்க தமிழ் வருஷப் பேர்ல சொல்வாங்க, அது அறுபது வருஷத்துக்கு ஒருதடவ திரும்பி வரும். தாது வருஷம்னா 1876ம் இருக்கு, 1936ம் இருக்கு. பஞ்சத்தப் பத்தி பேசுனா 1876ல தொடங்குன பஞ்சம்தான். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்தது 1956 நவம்பர் 1, அந்த நாள நேர்ல பாத்த தாத்தா பாட்டி இன்னும் சிலர் இருப்பாங்க, அவங்கள இந்த மாசமே போய் பாருங்க, தள்ளிப்போடாதீங்க.

கேள்வி: எங்க மாணவர்கள் குடவோலை முறைய நாடகமா போட்டாங்க, நல்ல பேர். ஆனா காலனியில இருந்து வர ஒரு பையன், "இதுல எங்க தாத்தா எங்க மிஸ்?"னு கேட்டான். எனக்கு பதில் சொல்லத் தெரியல.
*(ஓர் ஆசிரியை, உத்திரமேரூர் அருகில்)*

பதில்: அந்தப் பையன் கேட்டதுதான் இந்த வாரம் வந்ததுலயே பெரிய கேள்வி.

உத்திரமேரூர் கல்வெட்டு முதலாம் பராந்தகன் காலத்துது, 919லயும் 921லயும் வெட்டுனது. ஊர 'குடும்பு'ங்கிற முப்பது வட்டாரமா பிரிச்சு, ஓலையில பேர் எழுதி, குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையன விட்டு எடுக்கச் சொன்னாங்க. கணக்கு காட்டாதவங்க மறுபடி வர முடியாது. இதுக்கெல்லாம் நாம பெருமைப்படலாம். ஆனா யார் பேர் ஓலையில ஏறும்னும் அதே கல்லுதான் சொல்லுது. கால் வேலிக்கு (வேலிங்கிறது பழைய நில அளவு) மேல வரி கட்டுற நிலம் இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும், வயசு முப்பத்தஞ்சுக்கு மேல எழுபதுக்குள்ள, வேதம் படிச்சிருக்கணும். அது பிராமணர்களோட சபை. உழுதவங்க பேரு, பெண்கள் பேரு அந்தக் குடத்துல இல்ல. நாடகத்துல முதல் பாதிய மட்டும் காட்டினா அரைக் கல்வெட்டத்தான் படிச்சிருக்கோம்னு அர்த்தம்.

அதனால அதே நாடகத்துக்கு ரெண்டாம் பகுதி எழுத வைங்க, அந்தப் பையனையே எழுத வைங்க. அவன் தாத்தாவ போய் கேக்கட்டும்: ஏரிய யாரு தூர் வாருனாங்க, மடைய யாரு திறந்தாங்க, தண்ணிய பங்கு பிரிச்சு விடுற நீர்க்கட்டி வேலை யாருகிட்ட இருந்துச்சு, கூலி நெல்லா காசா, சாவுக்கு பறை அடிச்சவங்க எந்த அடிய எதுக்கு அடிச்சாங்க. கல்லுல எழுதாத வரலாறு இப்படி மனுஷங்க வாயிலதான் இருக்கு. ஊர்ல சிலர் முகம் சுளிப்பாங்க, எனக்குத் தெரியும். நீங்க கல்வெட்டுப் பாடத்த கையில வச்சுக்கிட்டு அமைதியா படிச்சுக் காட்டுங்க, நாமளா ஒரு வார்த்தையும் சேர்க்கலைன்னு சொல்லுங்க.

தாத்தாகிட்ட பேசும்போது ஃபேன நிறுத்தச் சொல்லுங்க, மொபைல அவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்துல வைக்கச் சொல்லுங்க, பதிவு பண்ணலாமான்னு முதல்ல கேட்டுட்டு தேதியையும் அவர் பேரையும் சொல்லித் தொடங்கணும். எடுத்ததுமே வருஷம் கேட்டா அவர் வாய மூடிக்குவாரு. அவர் சின்ன வயசுல குடிதண்ணி எந்தக் கிணத்துல எடுத்தாங்கன்னு கேட்டா போதும், மிச்சத்த அவரே சொல்லுவாரு.