சோளப் பையும் சுடு காபியும்: நுகர்வோர் கேள்வி-பதில்

இந்த முறை பாதிக் கடிதங்கள் செடியில் செய்த பிளாஸ்டிக் பற்றியவை. நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ‘சோளத்தில் செய்த மக்கும் பை’ என்று ஏஜென்ட் ஒருவர் கிலோ கணக்கில் போட்டுவிட்டுப் போனார். மாநகராட்சி ஆட்கள் வந்து, சாதா பிளாஸ்டிக்தான் என்று பறிமுதல் செய்து அபராதமும் போட்டார்கள். ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. (மளிகைக் கடைக்காரர், ஈரோடு)

பதில்: வயிறு எரிகிறது. தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க மளிகைக் கடையில் ஆய்வுக்கூடமா வைத்திருக்கிறீர்கள்? இனிமேல் பையைப் பிரித்து அச்சைப் பாருங்கள். ‘கம்போஸ்டபிள்’ (மக்கி உரமாவது) என்ற சொல், தயாரித்தவர் பெயர், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த சான்றிதழ் எண், எல்லாம் இருக்க வேண்டும். சான்றிதழ் பெற்றவர்கள் பட்டியல் வாரியத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. பச்சை இலைப் படம் சான்றிதழ் ஆகாது. அதை எந்த அச்சகத்திலும் போட்டுக் கொடுப்பார்கள்.

பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். ‘வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை’ என்று எதிர்த்தரப்பு வாதாடும். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கிப் பயன்படுத்தியவருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது என்பதைச் சொல்லுங்கள். ஆனால் பையைக் காசுக்கு விற்றிருந்தால் அந்தக் கதவு மூடியதுதான். பில்லே வாங்கவில்லை என்றால்... அதை என்னிடம் சொல்லாதீர்கள்.

கேள்வி: மக்கும் பையை மாடித் தோட்ட உரத்தொட்டியில் போட்டேன். காய்கறித் தோல் எல்லாம் உரமாகிவிட்டது. பை மட்டும் கிழிந்த துண்டுகளாக அப்படியே கிடக்கிறது. போலிப் பையா? (திண்டுக்கல்)

பதில்: அசலாகவே இருக்கலாம். மக்கும் பைக்கான ஐஎஸ்ஓ 17088 தரச் சோதனை நடப்பது 58 டிகிரி சூட்டில், ஈரமும் காற்றும் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் சூழலில். அங்கே ஆறு மாதத்துக்குள் 90 விழுக்காடு சிதைந்து கரியமில வாயுவாக வேண்டும். பெரிய உரக்கூடங்களில் அந்தச் சூடு வாரக்கணக்கில் நிற்கும். உங்கள் தொட்டி சித்திரை வெயிலில்கூட அவ்வளவு நேரம் தாங்காது.

இங்கே என் பழைய புலம்பலைக் கொஞ்சம் கேட்டுவிடுங்கள். எதிலிருந்து செய்தார்கள் என்பது ஒரு சங்கதி. கடைசியில் என்ன ஆகும் என்பது வேறு சங்கதி. பிரேசிலில் பிராஸ்கெம் நிறுவனம் 2010 முதல் கரும்பு எத்தனாலில் பாலிஎத்திலீன் செய்கிறது. மூலப்பொருள் கரும்பு, வந்த சரக்கு அசல் பாலித்தீன். மறுசுழற்சிக்கு மற்ற பாலித்தீனோடு சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் மக்கவே மக்காது. மக்கும் பைகளில் அதிகம் கலக்கும் பிபிஏடி என்ற பொருளோ பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது, ஆனால் மக்கும்! இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்பி, ‘இயற்கை’ என்று கொட்டை எழுத்தில் போட்டு இரட்டை விலைக்கு விற்கிறார்களே, அவர்களைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் பல வகைப் பைகளை மண்ணிலும் கடலிலும் போட்டுப் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். ‘பயோடிகிரேடபிள்’ (தானாகச் சிதைவது) என்று விற்ற பை மூன்று ஆண்டு மண்ணிலும் கடல்நீரிலும் கிடந்த பிறகும் கடைச் சாமான் தாங்கியது. ‘கம்போஸ்டபிள்’ பை கடலில் மூன்று மாதத்துக்குள் காணாமல் போனது. மண்ணில் 27 மாதம் கழித்தும் இருந்தது, எடை தாங்கும் வலு மட்டும் போயிருந்தது. நம் நாட்டில் 2024 அக்டோபரில் வந்த பசுமைப் பூச்சுத் தடுப்பு (பொய்யாகப் பச்சை வேஷம் போடுவதைத் தடுக்கும்) வழிகாட்டுதல்படி, ‘சுற்றுச்சூழலுக்கு நல்லது’ என்று விளம்பரம் செய்பவர் அதற்கான ஆதாரத்தையும் விவரத்தையும் காட்ட வேண்டும். கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் முகம் போகிற போக்கை!

உங்கள் தொட்டியில் கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டு விசேஷத்துக்கு ஆன்லைனில் சோளக் கப் பெட்டி பெட்டியாக வாங்கினேன். காபி ஊற்றியதும் வளைந்துவிட்டது. பெட்டியில் ‘குளிர்பானத்துக்கு மட்டும்’ என்று இருப்பதை அப்புறம்தான் பார்த்தோம். பணம் திரும்புமா? (மதுரை)

பதில்: கஷ்டம்தான். பெட்டியில் இருப்பதைப் படிக்காமல் பந்தியில் வைத்தால் விற்றவன் என்ன செய்வான்?

பிஎல்ஏ என்னும் இந்தச் சோள பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகிவிடும். நானும் ஒரு கண்காட்சியில் கண்ணாடி மாதிரிப் பளபளத்த தம்ளர் செட் வாங்கியிருக்கிறேன். சுக்குக் காபி ஊற்றியதும் விளிம்பு உள்ளே மடங்கி, அடிப்பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, காபி முழுக்க மேசைவிரிப்பில். மிச்சத் தம்ளர்களில் இப்போது பேனாவும் ரப்பர்பேண்டும் கிடக்கின்றன.

கேள்வி: பிஎல்ஏ பாட்டிலைப் பழைய தண்ணீர் பாட்டில்களோடு காயலான் கடையில் போடலாமா? (திருச்சி)

பதில்: வேண்டாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று, தண்ணீரில் போட்டால் இரண்டும் மூழ்கும்; கையால் பிரிப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக் உருக ஏறக்குறைய 250 டிகிரி வேண்டும், பிஎல்ஏ அதற்கு வெகு முன்பே உருகிக் கெட்டுப்போகும். கொஞ்சம் கலந்தாலும் மொத்தச் சரக்கின் தரமும் விலையும் விழும். பிஎல்ஏவைத் தனியாக மறுசுழற்சி செய்யவும், திரும்ப லாக்டிக் அமிலமாக்கவும் வழி உண்டு. தனியாகச் சேர்ப்பதற்குச் சரக்கு வேண்டுமே!

கேள்வி: சாப்பிடுகிற சோளத்தை பிளாஸ்டிக் ஆக்கினால் விளைநிலம் போய்விடாதா? (தஞ்சாவூர்)

பதில்: உலக பிளாஸ்டிக்கில் இந்த வகை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவுதான், அதனால் இன்றைக்கு நிலம் பறிபோகவில்லை. எனக்கு உரம்தான் கவலை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிளேர் ஆலையில் மக்காச்சோள மாவைச் சர்க்கரையாக்கி, புளிக்க வைத்து, லாக்டிக் அமிலம் எடுத்து பிஎல்ஏ செய்கிறார்கள். தாய்லாந்தின் ராயோங்கில் கரும்பிலிருந்து. செடி காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுப்பதால் கச்சா எண்ணெய்க் கணக்கில் லாபம். வயலில் கொட்டும் தழைச்சத்து உரம் ஆற்றிலும் ஏரியிலும் இறங்கிப் பாசி பிடிக்க வைப்பது நஷ்டம். பல ஒப்பீடுகளில் அந்த ஒரு கணக்கில் பெட்ரோல் பிளாஸ்டிக்கே தேவலை என்று வருகிறது. அப்படிச் செய்ததை ஒருமுறை உறிஞ்சிவிட்டு எறியும் ஸ்ட்ராவாக வாங்குவானேன்?

கேள்வி: மாவில் செய்த பைதானே, மாடு தின்றால் பரவாயில்லையா? (விழுப்புரம்)

பதில்: கூடவே கூடாது. அது தீவனம் இல்லை.