நார்மல் ஈசிஜியும் நான்கு சிகரெட்டும்

வணக்கம் ஐயா,

எனக்கு வயது 44. வீடு சத்துவாச்சாரி, ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். அப்பாவுக்கு 52 வயதில் ஹார்ட் அட்டாக் வந்தது. தினம் 12 சிகரெட் பிடித்தவன், இப்போது 4-க்கு வந்துவிட்டேன். சனிக்கிழமை மட்டும் ஒரு குவார்ட்டர். காலையில் 40 நிமிடம் நடக்கிறேன். போன மாதம் எடுத்த ஈசிஜி, எக்கோ இரண்டும் நார்மல். பிபி 148/94, எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 156. டாக்டர் கொழுப்பு மாத்திரை எழுதிவிட்டார். இதயம் நார்மல் என்றால் மாத்திரை எதற்கு? நடக்கிறவனுக்கு 4 சிகரெட் பெரிய விஷயமா?

எஸ்., வேலூர்

அன்புள்ள எஸ்.,

ஈசிஜி என்பது அதை எடுத்த சில நொடிகளின் பதிவு. எக்கோ, இதயத் தசையும் வால்வும் எப்படி வேலை செய்கின்றன என்று காட்டும். ரத்தக்குழாயின் உட்சுவரை இரண்டுமே பார்ப்பதில்லை. நாம் பார்க்க வேண்டியது அந்தச் சுவரைத்தான்.

குழாய் வருஷக்கணக்கில் அடைத்துக்கொண்டே வந்து ஒருநாள் மூடிக்கொள்வதுதான் அட்டாக் என்று நினைக்கிறோம். பல அட்டாக்குகள் அப்படி வருவதில்லை. குழாயில் பாதியைக்கூட அடைக்காத கொழுப்புப் படிவின் மேல்தோல் கிழிகிறது. அங்கே ரத்தம் உறைந்து சில நிமிடங்களில் வழியை மூடிவிடுகிறது. முந்தின நாள்வரை நடையில் மூச்சு வாங்கியிருக்காது. படிவை வளர்ப்பது எல்டிஎல், சுவரை நோகடிப்பது பிபி, ரத்தத்தை உறையத் தயாராக வைப்பது சிகரெட். மூன்றும் உங்களிடம் இருக்கின்றன. அப்பாவுக்கு 55-க்குள் வந்தது நான்காவது.

மாத்திரை அதற்குத்தான். எல்டிஎல்லைக் குறைப்பதோடு படிவின் மேல்தோலையும் அது கெட்டிப்படுத்துகிறது. மூன்று மாதத்தில் அளவு இறங்கியதும் 'சரியாயிடுச்சு' என்று நிறுத்துகிறவர்கள் ஏராளம். இறக்கியதே மாத்திரைதான், விட்டால் சில வாரங்களில் பழையபடி ஏறும். தசைவலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

12-ஐ 4 ஆக்கியது நுரையீரலுக்கு நல்லது. இதயத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. 20 சிகரெட் பிடிப்பவருக்கு எவ்வளவு ஆபத்து கூடுகிறதோ, ஒன்றே ஒன்று பிடிக்கும் ஆணுக்கும் அதில் கிட்டத்தட்ட பாதி கூடுகிறது என்று 2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு காட்டியது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் புகையே போதும். நடையால் இதைக் கழிக்க முடியாது. குடியாத்தம் பீடிக்கு மாறினாலும் இதே கதைதான். மிச்சம் நான்கையும் ஒரே நாளில் விடுங்கள். தவித்தால் நிக்கோட்டின் சூயிங்கம் 2 மி.கி. உதவும். காரம் தெரியும்வரை மென்று, பிறகு கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். காபி, கூல்டிரிங்க் குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் வாயில் மருந்து சரியாக ஏறாது. 'எனக்கு வேலை செய்யல' என்பவர்கள் பலர் இப்படித்தான் போடுகிறார்கள்.

ஒரு தடவை பார்த்த பிபியை வைத்து முடிவெடுக்க முடியாது; டென்ஷன் என்று தள்ளிவிடவும் கூடாது. மேல்கையில் கட்டும் மெஷின் வாங்குங்கள், மணிக்கட்டு மெஷின் வேண்டாம். பட்டி கைக்குச் சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். டீயும் சிகரெட்டும் தொட்டு அரை மணி ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். காலை இரண்டு, மாலை இரண்டு என ஏழு நாள் எடுத்து, முதல் நாளைத் தள்ளிவிட்டு மற்றதன் சராசரியைப் பாருங்கள். 135/85-ஐத் தொட்டால் அது பிபிதான். அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள்.

சனிக்கிழமை 'மட்டும்' என்கிறீர்கள். 180 மி.லி. குவார்ட்டரில் சுத்த ஆல்கஹால் சுமார் 60 கிராம். ஒரே ராத்திரியில் அவ்வளவு போனால் பிபி ஏறும், சிலருக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

சாப்பாடு பற்றி நீங்கள் எழுதவில்லை. உப்பு, நாள் முழுவதுக்கும் ஒரு டீஸ்பூன், ஊறுகாயும் கருவாடும் சேர்த்து. ரேஷன் பாமாயிலில் கிட்டத்தட்ட பாதி, எல்டிஎல்லை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு. நம்ம மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குதான். அதற்காக எண்ணெய்க் கத்தரிக்காயை அதில் மிதக்கவிட வேண்டாம்.

ஆண்கள் கடிதத்தில் எழுதாத இன்னொன்று: விறைப்புக் குறைவு. அந்தக் குழாய்கள் இதயக் குழாய்களைவிடச் சிறியவை, அதனால் கோளாறு அங்கே சில வருஷம் முன்பே தெரியலாம். இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையைக் கடையில் நேராக வாங்காதீர்கள்.

கடைசியாக, 'கேஸ்'. நெஞ்சின் நடுவிலோ மேல்வயிற்றிலோ அழுத்தம், அதோடு வியர்வை, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி என்றால், சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். பைக்கை எடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லையென்றால் 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்குங்கள். ஊர்ப்பக்கம் மாட்டிக்கொண்டால், 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரைகள் தருகிறார்கள். போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம். இதை வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.