ஆனிங்கைக் காப்பது தரையில் அடிக்கும் முளைதான்: கேள்வி - பதில்

கே: கேரவனின் (காரில் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) பக்கத்தில் விரிக்கும் துணிக்கூரையான சுருள் ஆனிங்கை எவ்வளவு காற்றுவரை விரித்து வைக்கலாம்?

ப: மணிக்கு 30 கி.மீ.யைத் தொட்டதும் சுருட்டுங்கள். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். 40 கி.மீ. காற்று சதுர மீட்டருக்கு 8 கிலோ போல அழுத்தும், 80 கி.மீ. என்றால் 30 கிலோ. 3 மீட்டருக்கு 2.5 மீட்டர் துணியில் அது 225 கிலோ. துணியை விரித்துப் பிடிக்கும் மெல்லிய அலுமினியக் கைகள் இதைத் தாங்கா. பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்தால் பிறகு சுருட்டவே முடியாது.

கே: கால்களில் 20 லிட்டர் தண்ணீர் கேன்களைக் கட்டினால் போதாதா?

ப: இரண்டு கேன், 40 கிலோ. மேலே உள்ள கணக்கை இன்னொரு தடவை படியுங்கள்.

கே: ஆனிங்கோடு வந்த முளைகளை அடித்திருந்தேன். ஒரே இரவில் எல்லாம் பிடுங்கிக்கொண்டன. வேறு எந்த ஆனிங் வாங்கலாம்?

ப: ஆனிங் மேல் தவறில்லை, அதை மாற்றாதீர்கள். விலையுயர்ந்த துணியை விற்றுவிட்டு, அதோடு பென்சில் கனம்கூட இல்லாத கம்பி முளைகளைப் பையில் போட்டுக் கொடுப்பது பொறுப்பற்ற வேலை. வழவழப்பான அந்தக் கம்பி ஈர மண்ணில் வெண்ணெயில் கத்திபோல வெளியே வரும். காற்றில்லாத பகலில் தரைத்துணியைப் பிடித்து வைக்க மட்டும் அவை உதவும்.

மண்ணைப் பார்த்து முளை வாங்குங்கள். கல் நிறைந்த தரைக்கு 8 முதல் 10 மி.மீ. கனத்தில், 30 செ.மீ. நீள எஃகு முளை. புல்தரைக்குத் திருகு முளை. டிரில் இருந்தால் சில நொடிகளில் இறங்கும். மணலுக்கு 40 செ.மீ.க்குக் குறையாத, வளைத்த தகடு போன்ற அகல முளை.

அடிக்கும்போது முளையின் தலை ஆனிங்கை விட்டு வெளிப்புறம் சாய்ந்திருக்க வேண்டும். கயிறும் முளையும் ஏறக்குறைய செங்கோணத்தில் சந்திக்கட்டும். முழுக்க இறக்குங்கள், பாதி வெளியே நின்றால் கயிறு நெம்பிவிடும். முன் மூலைகளில் ஒரு முளைக்குப் பின்னால் இன்னொன்று அடித்து, இரண்டையும் பிணையுங்கள். மழை பெய்து மண் இளகியதும் ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். அசைந்தால் பிடுங்கி வேறு இடத்தில் அடியுங்கள். அதே துளையில் அடித்தால் பிடிக்காது.

கே: புயல் ஸ்ட்ராப் (ஆனிங்கைத் தரையோடு இழுத்துக் கட்டும் பட்டை) தேவையா?

ப: கட்டாயம் தேவை. சுருள் ஆனிங்கில் முன் உருளைக்கு மேலாகப் போட்டு இரு பக்கமும் இறக்கிக் கட்டுங்கள். முனைகளில் ஸ்பிரிங் இருக்கட்டும். திடீர் வீச்சை அது வாங்கிக்கொள்ளும். கட்டும்போதே ஸ்பிரிங்கை முழுக்க இழுத்துவிட்டால் அதற்கு வேலையே இல்லை. முளை பிடிக்காத இடத்தில் ஸ்ட்ராப்பும் வீண்.

கே: இறுகக் கட்டிய கயிறு மழையில் தொய்கிறது.

ப: நைலானாக இருக்கும், நனைந்தால் நீளும். பாலியெஸ்டருக்கு மாறுங்கள். வெடித்த ரப்பர் வளையங்களையும் மாற்றிவிடுங்கள்.

கே: காற்றே இல்லை, ஆனாலும் ஆனிங்கின் கை வளைந்துவிட்டது. தயாரிப்புக் கோளாறா?

ப: கூரையில் தண்ணீர் தேங்கியிருக்கும். 10 மி.மீ. மழை சதுர மீட்டருக்கு 10 லிட்டர், 7.5 சதுர மீட்டர் துணியில் 75 கிலோ. ஒரு காலை 20 செ.மீ. தாழ்த்தி, நடுவில் ஒரு தாங்கு கம்பி கொடுங்கள்.

கே: காற்று அடிக்கும்போது முழு ஆனிங்கின் (துணிச் சுவர்களும் உள்ள வகை) ஒரு சுவரைத் திறந்துவிடலாமா?

ப: கூடவே கூடாது. காற்று வரும் பக்கம் திறந்தால் உள்ளே புகுந்து கூரையைத் தூக்கும். எல்லா ஜிப்பையும் மூடுங்கள். கேரவனுக்கு அடியிலும், சக்கர வளைவிலும் மறைப்புத் துணி கட்டுங்கள். கேரவன் பக்கக் கம்பங்கள் மெத்தென்ற பஞ்சுத் திண்டோடு கேரவனின் உடலில் அழுந்தி நிற்கட்டும். பலரும் மறக்கும் இடைவெளி அது.

கே: காற்றடைக்கும் ஆனிங்குக்கு (கம்பத்துக்குப் பதில் காற்றுக் குழாய் தாங்குவது) எவ்வளவு அழுத்தம்?

ப: எந்த மாடல் என்று எழுதாமல் என்ன பதில் சொல்வது? வால்வு அருகே ஒட்டியிருக்கும் அளவைப் பாருங்கள். குளிரில் அழுத்தம் குறையும், இருட்டுமுன் சரிபாருங்கள். வீச்சில் குழாய் வளைந்து நிமிர்வது இயல்பு. இதற்கும் நல்ல முளைதான் உயிர்.

கே: புயல் எச்சரிக்கை வந்துவிட்டது. கூடுதலாக என்ன கட்டலாம்?

ப: கட்டாதீர்கள், வெளிச்சம் இருக்கும்போதே கழற்றுங்கள். காற்றுக்கு மறைவான பக்கத்தில் தொடங்கி, காற்று வரும் பக்க முளைகளைக் கடைசியாகப் பிடுங்குங்கள். இரண்டு பேராவது வேண்டும்.