இரண்டு வயதுக் குழந்தையும் முதுகலைப் படிப்பும்: உதவியை எப்படிக் கேட்பது?

கேள்வி: மகனுக்கு இரண்டு வயது. முதுகலையில் சேர்ந்து முதல் பருவம் ஓடிக்கொண்டிருக்கிறது. கணவருக்கு ஷிஃப்ட் வேலை. குழந்தை தூங்கிய பிறகு புத்தகத்தை எடுத்தால் எனக்கே கண் சொருகிவிடுகிறது. மாமியாரும் தங்கையும் "எப்ப வேணும்னாலும் சொல்லு" என்கிறார்கள். ஆனால் கேட்க வாய் வரவில்லை. படிப்பை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். முதலில் படிக்கும் நேரத்தை மாற்றுங்கள். நாள் முழுக்கக் குழந்தையின் பின்னால் ஓடிவிட்டு இரவில் உட்கார்ந்தால் யாருக்கும் தூக்கம் வரத்தான் செய்யும். அது சோம்பல் இல்லை. தூக்கத்தைக் குறைத்துப் படிப்பதிலும் லாபமில்லை; படித்தது மனதில் பதியவே தூக்கம் வேண்டும்.

"எப்ப வேணும்னாலும் சொல்லு" என்பது அன்பான பேச்சுதான், ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது. ஒவ்வொரு முறையும் நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டியிருக்கும். அன்றைக்கென்று அவர்களுக்கும் ஒரு வேலை வந்துவிடும். அதனால் கிழமை, நேரம், வேலை மூன்றையும் சொல்லி ஒரே தடவை கேட்டுவிடுங்கள். "அத்தை, செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நாலுலேருந்து ஆறு வரைக்கும் குழந்தையை நீங்க பாத்துக்கிறீங்களா? பரீட்சை முடியுற வரைக்கும்தான்." எப்போது முடியும் என்று தெரிந்தால் யாருக்கும் சம்மதிப்பது சுலபம். தங்கைக்குக் குழந்தையோடு இருப்பது சிரமம் என்றால் வாரத்தில் ஒருநாள் சமையலை ஏற்றுக்கொள்ளட்டும். அதுவும் படிப்புக்குச் செய்யும் உதவிதான். கணவரின் ஷிஃப்ட் அட்டவணை வந்த அன்றே இருவரும் உட்கார்ந்து, அவருடைய முறை எப்போது என்று குறித்துவிடுங்கள்.

அந்த இரண்டு மணி நேரத்துக்கு, முடிந்தால் வீட்டை விட்டு வெளியே போய்விடுங்கள். அம்மா பக்கத்து அறையில் இருப்பது தெரிந்தால் குழந்தை கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஒளிந்து நழுவாதீர்கள். "அம்மா படிச்சுட்டு வந்துடறேன்" என்று தினமும் ஒரே மாதிரி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். முதலில் அழும். இந்த வயதில் பிரிவுக்கு அழுவது இயல்பு. சொன்னபடி திரும்பி வந்தால் மெல்லப் பழகிவிடும்.

அப்படிக் கிடைத்த நேரத்தைப் புரியாத பாடத்துக்கும் எழுத வேண்டிய கட்டுரைக்கும் மட்டும் வையுங்கள். துணி மடிப்பதும் மின்னஞ்சல் பார்ப்பதும் அதில் வேண்டாம். துண்டு துண்டாகக் கிடைக்கும் பத்து நிமிடங்களில் புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை நினைவிலிருந்து சொல்லிப் பாருங்கள். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. குழந்தையை வைத்துக்கொண்டு படிப்பவருக்கு இந்த முறை ரொம்பவே கைகொடுக்கும். மேசையோ நோட்டோ தேவையில்லை, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே செய்யலாம்.

அப்புறம், குழந்தைக்குக் காய்ச்சல் வரும் நாள். அதற்கு இப்போதே ஏற்பாடு தேவை. கெடுவை நீட்டிக்க முடியுமா, ஒரு தாளை அடுத்த பருவத்துக்குத் தள்ளலாமா என்று துறையில் இன்றே விசாரியுங்கள். நெருக்கடி வருமுன் கேட்பவருக்கு வழி சொல்லப் பேராசிரியர்களுக்கும் எளிது. வகுப்பில் ஒருவரிடமாவது குறிப்புகளைப் பரிமாறிக்கொள்ளப் பேசி வையுங்கள்.

இவ்வளவு செய்தும் இந்தப் பருவம் திணறினால், அடுத்த பருவத்தில் பாடங்களைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். பட்டம் கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். குழந்தை தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வராமல், எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மட்டும், அட்டவணையைத் தள்ளி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.