வைரஸ் தொற்றினால் புற்றுநோய் வந்துவிடுமா? – கேள்வி பதில்

கேள்வி: எச்.பி.வி. (கருப்பை வாயில் தொற்றும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) பரிசோதனையில் 16-ஆம் வகை இருப்பதாக வந்திருக்கிறது. புற்றுநோய்தானா?

பதில்: இல்லை. இது தொற்று மட்டுமே. எச்.பி.வி. தொற்றிய பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடலே அதை அடக்கிவிடும். அடங்காமல் தங்கிவிட்டாலும் புற்றுநோயாக மாற வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். ஆனால் 16, 18 ஆகிய இரண்டு வகைகளில் மட்டும் பொறுத்திருந்து பார்க்கும் பேச்சே வேண்டாம். கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு இவைதான் காரணம். பாப் ஸ்மியர் (கருப்பை வாய் செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனை) முடிவு நன்றாக இருந்தாலும் கால்போஸ்கோப்பி (கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை) செய்துகொள்ளுங்கள். மாறத் தொடங்கிய திசு தெரிந்தால், புற்றாவதற்கு முன்பே அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடலாம்.

கேள்வி: செல்லுக்குள் போய் இந்த வைரஸ் அப்படி என்னதான் செய்கிறது?

பதில்: டி.என்.ஏ. பழுதானால் செல் பிரிவதை நிறுத்துவது பி53 என்ற புரதம். வேளை வராமல் பிரிய விடாதது ஆர்.பி. புரதம். வைரஸின் இ6 என்ற புரதம் பி53-ஐ அழிக்க வைக்கிறது, இ7 என்ற புரதம் ஆர்.பி.யை முடக்குகிறது. தன்னை நகலெடுக்கச் செல்லின் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும். சாதாரணமாக இ2 என்ற இன்னொரு வைரஸ் புரதம் இவை இரண்டையும் அளவோடு வைத்திருக்கும். வைரஸின் டி.என்.ஏ. உடைந்து நம் குரோமோசோமில் ஒட்டிக்கொள்ளும்போது பெரும்பாலும் இ2 மரபணுதான் சிதைகிறது. பிறகு இ6, இ7 உற்பத்திக்குக் கட்டுப்பாடே இல்லை. இதில் வைரஸுக்கும் லாபம் கிடையாது: அப்படி ஒட்டிக்கொண்ட பிறகு அதனால் புது வைரஸ்களை உண்டாக்க முடியாது.

கேள்வி: நோய் எதிர்ப்புச் சக்தி பலமாக இருந்தால் போதும், எந்த வைரஸும் ஒன்றும் செய்யாது என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் அபாயம் சுமார் ஆறு மடங்கு. அங்கே பலவீனம்தான் காரணம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸில் கதை வேறு. அந்த வைரஸ் கல்லீரல் செல்லை நேரடியாகக் கொல்வது குறைவு; கொல்பவை பெரும்பாலும் நம்முடைய நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்களே. முழுதாக வெல்லவும் முடியாமல், விடவும் முடியாமல் பல ஆண்டுகள் அடித்துக்கொண்டே இருக்கும். செத்த செல்லுக்கு ஈடாகப் புதுசெல் பிறக்கும் ஒவ்வொரு முறையும் மரபணுப் பிழைக்கு ஒரு வாய்ப்பு. போதாததற்கு இந்த வைரஸும் குரோமோசோமில் புகுந்துகொள்ளும். அதனால் கல்லீரல் சுருக்க நோய் (சிரோசிஸ்) வராமலே புற்று வரலாம். அபாயம் அதிகமுள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதாக விற்கும் பொடிகளை இதற்காக வாங்குவது வீண்.

கேள்வி: தொற்று இருக்கும்போதே எச்.பி.வி. தடுப்பூசி போட்டால் குணமாகுமா?

பதில்: ஆகாது. தடுப்பூசியில் இருப்பது வைரஸின் வெளியுறைப் புரதம் மட்டும். அதனால் உண்டாகும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்), வெளியிலிருந்து வரும் வைரஸைத்தான் மறிக்கும். ஏற்கெனவே செல்லுக்குள் இருப்பதை எட்டாது. இன்னும் தொற்றாத வகைகளுக்குப் பாதுகாப்பு கிடைக்கும். 9 முதல் 14 வயதுக்குள் போடுவதே சிறந்தது. போட்டவர்களும் பரிசோதனையைக் கைவிடக் கூடாது.

கேள்வி: மனைவி கர்ப்பமாக இருக்கிறார், ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ். குழந்தையைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும்?

பதில்: இப்போதே வைரஸ் அளவைப் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 2 லட்சம் யூனிட்டைத் தாண்டினால் கர்ப்பக் காலத்திலேயே வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை தருவார்கள். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி ஒரு தொடையிலும், இம்யூனோகுளோபுலின் (தயார் நிலையிலுள்ள ஆன்டிபாடி ஊசி) மறு தொடையிலும் போட வேண்டும். மீதித் தவணைகளைத் தவறவிடாதீர்கள். பிறக்கும்போது தொற்றினால் சுமார் 90 சதவீதம் பேருக்கு நிரந்தரமாகிவிடும். பெரியவர்களுக்கு 5 சதவீதத்துக்கும் குறைவு. குழந்தைக்குப் பரிசோதனை 9 மாதத்துக்குப் பிறகுதான். அவசரப்பட்டுச் செய்தால் போட்ட ஊசியே முடிவைக் குழப்பும்.

கேள்வி: அப்பாவுக்கு லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்), ரிடுக்ஸிமாப் மருந்து தொடங்கப்போகிறார்கள். முன்பு மஞ்சள் காமாலை வந்து சரியாகிவிட்டது. சொல்ல வேண்டுமா?

பதில்: கட்டாயம் சொல்லுங்கள். அந்தக் காமாலை ஹெபடைடிஸ் பி-யால் வந்திருக்கலாம். எச்.பி.எஸ். ஆன்டிஜென் (வைரஸின் மேற்பரப்புப் புரதம்) நெகட்டிவ் என்பது மட்டும் போதாது. முன்பு தொற்றியதைக் காட்டும் ஹெபடைடிஸ் பி கோர் ஆன்டிபாடியையும் பார்க்க வேண்டும். அது பாசிட்டிவ் என்றால் வைரஸ் கல்லீரலில் அடங்கிக் கிடக்க வாய்ப்புண்டு. ரிடுக்ஸிமாப், ஆன்டிபாடி உண்டாக்கும் பி செல்களைத் துடைத்தெடுப்பதால் அந்த வைரஸ் மறுபடி கிளம்பி, உயிரைப் பறிக்கும் கல்லீரல் செயலிழப்பு வரை போகலாம். முதல் டோஸுக்கு முன்பே வைரஸ் தடுப்பு மாத்திரையைத் தொடங்கி, கடைசி டோஸுக்குப் பிறகும் குறைந்தது 12 மாதம் தொடர வேண்டும்.