'த கேம்ப்ளர்' எழுதிய டான் ஷ்லிட்ஸ்: கேட்டதும் சொன்னதும்

அமெரிக்காவின் கிராமியச் சாயல் கொண்ட 'கன்ட்ரி' இசைக்குத் தலைநகரான நாஷ்வில் நகரத்துப் பாட்டெழுத்துக்காரர்களைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாய்விட்டது என் தப்புதான். முடிந்தவரை சொல்கிறேன். எந்த கிட்டார் வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்கு வாசிக்கத் தெரியாது.

'த கேம்ப்ளர்' கென்னி ரோஜர்ஸ் எழுதியதுதானே?

இல்லை. அந்தக் கன்ட்ரி பாட்டைப் பாடியது அவர். எழுதியது டான் ஷ்லிட்ஸ்.

அதை எழுதின கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள் சார்.

இதைக் கேட்கமாட்டார்களா என்றுதான் உட்கார்ந்திருந்தேன். ஷ்லிட்ஸ் வட கரோலினாவில் டர்ஹாம் ஊர்க்காரர். நாஷ்வில் வந்து, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ராத்திரி ஷிப்டில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை பார்த்துக்கொண்டே பாட்டு எழுதிக்கொண்டிருந்தார். 1976 ஆகஸ்டில், 23 வயதில், பாப் மெக்டில் என்கிற மூத்த பாட்டெழுத்துக்காரரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தே திரும்புகிறார், அந்த இருபது நிமிட நடையில் பாட்டின் பெரும்பகுதி தலைக்குள்ளேயே வந்துவிட்டது. கடைசிச் சரணம் மட்டும் வரவில்லை. அதற்கு ஆறு வாரம் ஆனது.

பாட்டைக் கேட்டால் ஏன் என்று புரியும். ராத்திரி ரயிலில் ஒரு கிழட்டுச் சூதாடியும் ஓர் இளைஞனும். கிழவர் கொஞ்சம் விஸ்கியும் ஒரு சிகரெட்டும் வாங்கிக்கொண்டு புத்தி சொல்கிறார். சொல்லி முடித்த பிறகு அந்தக் கிழவரை என்ன செய்வது? ஷ்லிட்ஸ் அவரை ஜன்னல் பக்கம் திரும்ப வைத்தார், சிகரெட்டை நசுக்க வைத்தார், தூங்க வைத்தார், இருட்டில் எங்கேயோ உயிர் போய்விடுகிறது. செத்துப்போனார் என்ற சொல்லே கிடையாது. இதற்கு ஆறு வாரம் அதிகமில்லை.

உடனே ஹிட்டா?

எங்கே! இரண்டு வருடம் இழுத்தது. ஷ்லிட்ஸே பாடி வெளியிட்டார், கன்ட்ரி பட்டியலில் 65-க்கு மேல் ஏறவில்லை. பாபி பேர் (Bobby Bare) என்ற பாடகர் பாடினார், ஜானி கேஷ் என்ற பெரிய பாடகரும் பாடினார். 1978 கடைசியில் கென்னி பாடிய பிறகுதான் முதலிடம். அதற்கப்புறம் சிறந்த கன்ட்ரி பாட்டுக்கான கிராமி, 1979-ல் சிஎம்ஏ (கன்ட்ரி இசைச் சங்கம்) விருது.

சேலத்துக்காரன்: மூன்று பேர் பாடி ஓடாதது கென்னி பாடி ஓடியது. அப்போ அது கென்னி பாட்டுதானே? எழுதினவரை ஏன் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்கள்?

வாங்க. அமெரிக்க ஏஎம், எஃப்எம் ரேடியோவில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதினவருக்கும் அவருடைய பப்ளிஷருக்கும் (பாட்டின் உரிமையைக் கவனித்துக்கொள்ளும் நிறுவனம்) தான் காசு. பாடினவருக்கு ஒன்றும் கிடையாது. அந்தக் கரகரப்பான குரல் ரேடியோவில் வந்தபோதெல்லாம் பணம் போனது ஷ்லிட்ஸ் பக்கம். பாட்டு யாருடையது என்று சட்டமே சொல்லிவிட்டதே.

சேலத்துக்காரன்: சட்டம் சொன்னால் நியாயமாகிவிடுமா?

ஆகாது. பாடகருக்கு அது அநியாயம்தான். சாட்டிலைட் ரேடியோவிலும் இணைய ரேடியோவிலும் பாடகருக்கும் பங்கு உண்டு, பழைய ரேடியோவில் இன்றுவரை இல்லை. ஆனால் கென்னியும் வெறுங்கையோடு போகவில்லை, அந்தப் பாட்டின் பெயரை வைத்தே டிவி படங்களில் நடித்தார், மேடை மேடையாகப் பாடினார். ஷ்லிட்ஸுக்குப் போஸ்டர் கிடையாது, அந்தச் சில்லறைதான்.

எவ்வளவு சில்லறை?

ரேடியோ காசு தனிக் கணக்கு. ரெக்கார்ட் விற்பனையில், விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு பாட்டுக்கு 1909 முதல் 1977 வரை 2 சென்ட். அப்படியே, ஏறவே இல்லை. 1978-ல் 2.75 ஆனது. 2023-ல் 12 சென்ட். வழக்கமாக இதில் பாதி பப்ளிஷருக்கு, இரண்டு பேர் சேர்ந்து எழுதியிருந்தால் மீதியும் பாதியாகும்.

நான் ஆங்கிலத்தில் 40 பாட்டு எழுதி வைத்திருக்கிறேன். 300 டாலர் கட்டினால் டெமோ (மாதிரிப் பதிவு) போட்டு நாஷ்வில் பப்ளிஷரிடம் சேர்ப்பதாக ஒரு கம்பெனி மெயில் அனுப்பியிருக்கிறது.

கட்டாதீர்கள். உண்மையான பப்ளிஷர் உங்களுக்குத்தான் பணம் தருவார், உங்களிடம் வாங்கமாட்டார். கவிதை அனுப்புங்கள், மெட்டுப் போட்டுத் தருகிறோம் என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டுக் காசு பிடுங்கிய கூட்டம் அங்கே ரொம்பக் காலமாக இருக்கிறது. இப்போது மெயிலில் வருகிறார்கள், அவ்வளவுதான்.

ப்ளூபேர்ட் கஃபே பற்றி?

நாஷ்வில்லில் பாட்டெழுத்துக்காரர்கள் பாடும் கஃபே. 90 பேர் உட்காரும் சின்ன இடம், கடைவரிசைக்கு நடுவில். 1985-ல் ஷ்லிட்ஸும் இன்னும் மூன்று பாட்டெழுத்துக்காரர்களும் மேடையை விட்டு இறங்கி, அறை நடுவில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஒருவரை ஒருவர் பார்த்தபடி மாறி மாறித் தங்கள் பாட்டைப் பாடினார்கள். பக்கத்து மேசைக்காரரின் முழங்கால் கிட்டாரில் இடிக்கும் தூரம். அந்த வழக்கம் இன்னும் நடக்கிறது.

ஒரே பாட்டு ஆசாமியா?

அடப் போங்க. பால் ஓவர்ஸ்ட்ரீட் என்ற பாட்டெழுத்துக்காரரோடு சேர்ந்து எழுதி, கன்ட்ரி பாடகர் ராண்டி டிராவிஸ் பாடினவை மட்டும் போதாதா? 'ஆன் தி அதர் ஹேண்ட்' 1985-ல் 67-வது இடத்தில் படுத்துவிட்டது, 1986-ல் அதே ரெக்கார்டை மறுபடி வெளியிட்டார்கள், முதலிடம். அடுத்த வருடம் 'ஃபாரெவர் அண்ட் எவர், ஆமென்', அதற்கும் கிராமி. 2017-ல் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.

தமிழ் சினிமா பாடலாசிரியர்களுக்கு ராயல்டி உண்டா?

இந்தியக் காப்பிரைட் சட்டத்தின் 2012 திருத்தத்தைப் படியுங்கள். அது தனிக் கச்சேரி.

எனக்கும் அப்படி ஒரு மெயில் வந்தது, 150 டாலர்தான்...

150-ம் கட்டாதீர்கள்.

சேலத்துக்காரன்: கேஷ் பாடினதும் கென்னி பாடினதும் ஒரே தயாரிப்பாளர் என்று நேற்று படித்தேன். இப்போ என்ன சொல்கிறீர்கள்?

ஆமாம், லாரி பட்லர். இந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். எழுத்து ஒன்று, தயாரிப்பாளர் ஒருவர், வருடமும் ஒன்று, மாறியது குரல்தான். கேஷ் பாடினால் கேஷே அந்தக் கிழவர். கென்னி பாடும்போது கதையைக் கேட்டுக்கொண்டிருந்த இளைஞன் பிற்பாடு வந்து நமக்குச் சொல்வதுபோல இருக்கிறது. பாதி உங்களுக்கு. செக் மட்டும் ஷ்லிட்ஸுக்கு.

கென்னி ரோஜர்ஸ்தான் எழுதினார் என்று எங்கள் மாமா சொல்கிறாரே?

மாமாவிடம் முதல் பதிலைக் காட்டுங்கள். அவருக்கும் 300 டாலர் மெயில் வந்திருந்தால் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.